செல்ஃப் மாத்துனோம்னு பில்லு, ஆனா போல்ட்ல ஸ்பேனரே படல

பழைய கார் வெச்சிருக்கவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க, நான் ஏமாந்த கதை இது. என் வண்டிக்கு 16 வயசு. காலைல சாவி போட்டா சொல்லி வெச்ச மாதிரி ஸ்டார்ட் ஆகும். மத்தியானம் எங்கயாச்சும் அரை மணி நேரம் நிறுத்திட்டு வந்து திருப்புனா ‘டக்’னு ஒரே ஒரு சத்தம், அவ்ளோதான், செல்ஃப், அதான் இன்ஜின சுத்தி ஸ்டார்ட் பண்ற மோட்டார், சுத்தாது. நாலஞ்சு தடவ திருப்புனா ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுத்துக்கும். ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் போயிட்டா மட்டும் ஒரு தடவ கூட மக்கர் பண்ணாது, டாக்டர பாத்ததும் பல்வலி நின்னுடுமே, அந்த மாதிரி.

நான் போன ஒர்க்‌ஷாப்காரர் பானெட்ட தூக்குனாரு, பேட்டரி மேல ரெண்டு தட்டு தட்டுனாரு, “பேட்டரி செத்துடுச்சு சார்”னாரு. மீட்டர் வெச்சுக் கூட பாக்கல. நானும் சரின்னு மாத்துனேன், 9 நாள் ஓடுச்சு, பத்தாவது நாள் மறுபடியும் டக். திரும்பப் போனா “புது பேட்டரி கரண்ட பழைய செல்ஃப் தாங்கல சார், செல்ஃபே மாத்திடலாம்”னாரு. இது சுத்தப் பொய்யின்னு அப்ப எனக்குத் தெரியாது. பேட்டரி புதுசா இருந்தா செல்ஃப் மேல கரண்ட் போயி இடிக்காது, அந்த மோட்டார் தனக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோதான் இழுக்கும், ரெண்டும் 12 வோல்ட் சமாச்சாரம். தலையாட்டிட்டு வந்துட்டேன். சாயங்காலம் வண்டி எடுக்கப் போனா கீழ பளபளன்னு வெள்ளி கலர்ல புது செல்ஃப், காட்டுனாங்க, எனக்கும் ஒரு திருப்தி. பழசக் குடுங்கன்னு கேட்டேன், பையன் இரும்புக் கடைக்குப் போட்டுட்டான்னாங்க. அங்கயே எனக்கு உறைச்சிருக்கணும்.

ரெண்டு வாரம் ஓடுச்சு. மறுபடியும் டக். இந்தத் தடவ இசிஎம், அதான் இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர், போயிடுச்சாம், கூடவே கிளட்ச் கேபிளும் இறுகிருக்கு, அதையும் மாத்தணுமாம். இசிஎம் விலையக் கேட்டதும் யோசிச்சு சொல்றேன்னு வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

என் மச்சான் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன கூட்டிட்டு வந்தாரு, வயசானவர். அவர் பானெட்டக் கூட திறக்கல, முதல்ல கேள்விதான் கேட்டாரு. “தம்பி, டக்குனு ஒரு சத்தமா, இல்ல டகடகடகன்னு விடாம அடிக்குமா?” ஒண்ணுதாங்கன்னேன். “அப்ப ஹெட்லைட் போட்டுப் பாத்தீங்களா, மங்குதா?” பாத்ததே இல்ல. அப்புறம் அவரே விளக்குனாரு. டகடகன்னு அடிச்சு லைட்டும் மங்குச்சுன்னா பெரும்பாலும் பேட்டரி, இல்லன்னா டெர்மினல்ல உப்பு. லைட் பளிச்சுன்னு இருக்கு, ஒரே டக்னா செல்ஃபுக்குப் போற வழில எங்கயோ கரண்ட் நிக்குது, இல்ல சாவி திருப்புனா செல்ஃபுக்குக் கரண்ட் விடற சுவிட்சு, அந்த சொலினாய்டுக்குள்ள இருக்கற செம்புக் கான்டாக்டோ கார்பன் பிரஷ்ஷோ தேஞ்சு போச்சு. செல்ஃப் நல்லா சுத்துது ஆனா இன்ஜின் பிடிக்கலன்னா அது வேற வியாதி, சூடானா மட்டும் அப்படி ஆகி ஆறுனதும் எடுத்துக்கிச்சுன்னா இன்ஜின் சுத்தறத இசிஎம்முக்கு சொல்ற கிராங்க் சென்சார் மேல ஒரு கண்ணு வைக்கணும்.

“வராத நோய்க்கு வைத்தியம் பாக்க முடியாது, வர வைங்க”ன்னு சொல்லி என்ன அரை மணி நேரம் ஓட்ட வெச்சாரு. நிறுத்திட்டு 20 நிமிஷம் உக்காந்தோம். சாவி போட்டேன், டக். லைட்டப் போட்டா நல்ல வெளிச்சம். மனுஷன் மல்டிமீட்டர எடுத்தாரு. பேட்டரில 12.6 வோல்ட், குறையே இல்ல. அப்புறம் ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்லயும் இன்னொண்ண இன்ஜின் இரும்புலயும் வெச்சுக்கிட்டு திருப்புங்கன்னாரு. ரெண்டும் எர்த்துதான், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வர்ற வழி, அதனால திருப்புறப்ப 0.2, மிஞ்சிப் போனா 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாதாம். காட்டுனது 4 சொச்சம்! உடனே ஒரு ஜம்பர் கேபிள எடுத்து நெகட்டிவ்ல இருந்து இன்ஜின் கொக்கிக்கு மாட்டுனாரு, சாவி திருப்புன அடுத்த நொடி ஸ்டார்ட். எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

கோளாறு எங்கன்னா, கியர்பாக்ஸ்ல இருந்து பாடிக்கு வர்ற எர்த் பட்டைல. மேல பாத்தா சும்மா கும்முனு இருக்கு, போல்ட்டும் டைட். அவர் போல்ட் மாட்டற அந்த முனை, லக்கு கிட்ட மடக்குனதும் பச்சையா பவுடர் கொட்டுது, உள்ள செம்புக் கம்பி விரல் விட்டு எண்ற அளவுதான் மிச்சம். கிளட்ச் கேபிள் ஏன் இறுகுச்சுன்னும் அப்பதான் புரிஞ்சுது, எர்த் சரியா கிடைக்காத கரண்ட் அந்த கேபிள் வழியா பாடிக்குப் போயிருக்கு, செல்ஃப் இழுக்கற கரண்டு நூறு ஆம்பியருக்கு மேல, அதுல கொஞ்சம் போனாலே உள்ள இருக்கற பிளாஸ்டிக் உருகிடும்.

இதோட விட்டிருந்தா கூட அறியாமைன்னு நினைச்சிருப்பேன். பெரியவர் கீழ படுத்தவரு டார்ச் அடிச்சு என்னக் கூப்ட்டாரு. “புது செல்ஃப்னு சொன்னீங்களே, இதப் பாருங்க.” மாட்டிருக்கற போல்ட் தலை ரெண்டுலயும் வருஷக்கணக்கா மண்ணும் ஆயிலும் சேந்து கெட்டியா அப்பிக் கிடக்கு, ஸ்பேனர் பட்ட தடமே கிடையாது. அந்த மண்ணு மேலயே வெள்ளி பெயின்ட் தெறிச்சிருக்கு! கழட்டவே இல்லங்க, படுத்த வாக்குல ஸ்ப்ரே அடிச்சு விட்டிருக்கானுங்க.

அப்புறம் எப்படி 9 நாள், ரெண்டு வாரம்னு ஓடுச்சுன்னா, பேட்டரி டிரே கிட்டதான் அந்தப் பட்டையும் போகுது, ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் கை படறப்ப அது கொஞ்சம் அசைஞ்சு மிச்சக் கம்பி நல்லா ஒட்டியிருக்கும்னாரு பெரியவர். விட்டு விட்டு வர்ற கம்ப்ளைன்ட்ல இதான் ஆபத்து. எத மாத்துனாலும், ஏன் எதையுமே மாத்தாட்டி கூட, நாலு நாள் நல்லா ஓடும், நாமளே போயி “சூப்பர்ணே, சரியாயிடுச்சு”ன்னு கை குலுக்கிட்டு வருவோம். அதனால மீட்டர் வெச்சு நம்பரக் காட்டாம பார்ட்ஸ் பேர சொன்னா மாத்தவே விடாதீங்க. வண்டிய விடறதுக்கு முன்னாடி செல்ஃபையும் அது போல்ட்டையும் போன்ல போட்டோ எடுத்துக்கங்க, கழட்டுன பழசு என் கைக்கு வரணும்னு ஆரம்பத்துலயே சொல்லிடுங்க. பிரச்சனை வர்றப்ப லைட் மங்குச்சா, எத்தன டக், வண்டி சூடா இருந்துச்சான்னு குறிச்சு வெச்சா பாதி வேல முடிஞ்சிடும்.

போல்ட் போட்டோவ எடுத்துட்டு நேரா அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஓனர் பாத்தாரு, பெருசாக்கிப் பாத்தாரு, “பையன் பண்ணிருப்பான் சார், நான் அன்னிக்கு ஊர்லயே இல்ல”ன்னாரு. பில்லு குடுத்ததே அவர் கையாலதான். அரை மணி நேரம் சத்தம் போட்டதுல செல்ஃப் காசு மட்டும் திரும்பி வந்துச்சு. நல்லா இருந்த என் பழைய பேட்டரி எங்கன்னு கேட்டேன், அத இன்னும் தேடிட்டு இருக்காங்களாம்.