ரோட்டோசவுண்ட் ஸ்விங் பாஸ் 66: ஹார்மோனிக்ஸ் வாசிப்போர் நோக்கில்

பாஸ் கிட்டாரில் ஹார்மோனிக்ஸ் (தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டி எழுப்பும் மேற்சுரங்கள்) வாசிப்பதற்கு ஏற்ற தந்தியைத் தேடிக்கொண்டிருந்த நான், ரோட்டோசவுண்டின் ஸ்விங் பாஸ் 66 தந்தித் தொகுப்பை (பருமன் அங்குலத்தின் ஆயிரத்தில் 45, 65, 80, 105 பங்கு) 34 அங்குலத் தந்தி நீளமுள்ள ஜாஸ் பாஸ் கிட்டாரில் மாட்டி மூன்று மாதங்களாக வாசித்து வருகிறேன். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி சுற்றிய இந்தத் தந்திகளைத்தான் அமெரிக்க ஜாஸ் பாஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பயன்படுத்தினார். 1976-இல் வெளிவந்த அவருடைய முதல் தனி இசைத்தட்டிலுள்ள, ஹார்மோனிக்ஸால் இழைத்த ‘போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி’யைக் கேட்ட பிறகே நானும் இந்தப் பித்துக்கு ஆளானேன். அவர் போட்ட தந்தியைப் போட்டுக்கொண்டால் அவருடைய விரல்கள் வந்துவிடா என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. அது தந்தியின் குற்றமன்று.

12, 7, 5 ஆகிய ஃபிரெட்டுகளின் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பிகள்) மேல் எழும் ஹார்மோனிக்ஸை வைத்து ஒரு தந்தியை எடைபோட முடியாது. மாதக்கணக்கில் அழுக்கேறிய தந்தியும் அவற்றைத் தந்துவிடும். சோதனை அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. ஜி தந்தியின் ஐந்தாம் ஹார்மோனிக் (திறந்த தந்தியைப் போல் ஐந்து மடங்கு அதிர்வெண் கொண்ட சுரம்) நான்காம் ஃபிரெட்டின் மேல் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் கணு (அந்தச் சுரம் ஒலிக்கையில் தந்தி அசையாமல் நிற்கும் புள்ளி) தந்தியின் ஐந்தில் ஒரு பங்கில், அதாவது ஃபிரெட் கம்பியிலிருந்து ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நட் (கழுத்தின் தலைப்பக்கம் தந்தி படியும் கட்டை) பக்கம் தள்ளி அமைகிறது. அந்த இடத்தில் விரலின் சதையை அழுத்தாமல் வைத்து, வலக்கையால் பிரிட்ஜுக்கு (உடல் பக்கம் தந்தியைத் தாங்கும் பகுதி) அருகில் மீட்டி, மீட்டிய கணமே இடக்கை விரலை எடுத்துவிட்டால், 490 ஹெர்ட்ஸில் மணி அடித்தாற்போன்ற ஒரு சுரம் எழுந்து, இந்தத் தந்தியில் நெடுநேரம் நிற்கிறது. தம்புராவில் தானாக ஒலிக்கும் சுயம்பு காந்தாரமும் இதே ஐந்தாம் ஹார்மோனிக்தான். கீபோர்டின் பி சுரத்தோடு (ஜி-க்கு அதுதான் காந்தாரம்) சேர்த்து வாசித்தால் நொடிக்கு நான்கு முறை ஒலி ஏறி இறங்கி அலை அடிப்பது கேட்கும். ஏனெனில் இயற்கையான காந்தாரம் கீபோர்டின் காந்தாரத்தைவிட 14 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்ந்தது. இதைத் தந்தியின் சுருதிக் குறையென்று எண்ணி டியூனிங் சாவியைத் திருகத் தொடங்க வேண்டாம்.

இரண்டாம் ஃபிரெட்டுக்கும் மூன்றாம் ஃபிரெட்டுக்கும் இடையே, மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருக்கும் ஏழாம் ஹார்மோனிக்கும் ஜி, டி தந்திகளில் தெளிவாகவே கிடைத்தது. ஏ தந்தியில் முயன்றால் வருகிறது. ஈ தந்தியில் அதை எதிர்பார்ப்பது வீண்; அவ்வளவு பருமனான எந்தத் தந்தியிலும் எனக்கு அது கைகூடியதில்லை. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தப் பகுதி) ஒலியளவை முழுவதும் திறந்து வைப்பது இங்கே இன்றியமையாதது.

குறைகளும் உண்டு. எஃகுச் சுற்று விரலுக்குச் சொரசொரப்பாக இருக்கும். நாளடைவில் ஃபிரெட்டையும் தேய்க்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹார்மோனிக்ஸுக்கு உயிரான அந்தப் பளபளப்பு, வியர்வையும் அழுக்கும் சுற்றின் இடுக்குகளில் ஏற ஏற மங்கிவிடும். எஃகுச் சுற்றுத் தந்திகள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு இது. எனக்கு முதல் மூன்று வாரங்கள் பொற்காலமாக இருந்தன; ஆறாம் வாரத்தில் ஏழாம் ஹார்மோனிக் போய்விட்டது. தந்திகளைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்துத் துடைத்து மாட்டியதில் நான்கு நாள்களுக்கு மட்டும் பழைய ஒலி திரும்பியது. ஒவ்வொரு முறை வாசித்து முடித்ததும் தந்தியின் அடிப்புறத்தையும் சேர்த்து உலர்ந்த துணியால் துடைப்பது அதைவிடப் பயன் தருகிறது.

அடித்தள இசையை மட்டும் வாசிப்போர் இதற்குச் செலவிடத் தேவையில்லை. மழமழப்பான பட்டைச் சுற்றுத் தந்தியே அவர்களுக்குப் போதும். ஹார்மோனிக்ஸைப் பதிவுசெய்யப் போகிறவர்கள், பதிவுக்கு இரண்டு நாள் முன்னதாகப் புதிய தொகுப்பை மாட்டி, தந்தி இழுபட்டு நிலைத்த பிறகு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோகலாம். நான் இப்போது பயிற்சிக்குப் பழைய தொகுப்பையே வைத்துக்கொண்டு, புதியதை உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.