டிஸ்க் பிதுக்கத்துக்குப் பப்பாளி நொதியா, அறுவை சிகிச்சையா?

இடுப்பில் டிஸ்க் பிதுங்கிக் கால் நரம்பை அழுத்த, ஓய்வும் மாத்திரையும் வாரக்கணக்கில் பலன் தராமல் போனபோது, என் முன் இரண்டு வழிகள் வைக்கப்பட்டன. ஒன்று, முதுகைத் திறந்து பிதுங்கிய பகுதியை எடுத்துவிடும் டிஸ்கெக்டமி. மற்றொன்று, பப்பாளிப் பாலிலிருந்து பிரித்தெடுக்கும் சைமோபாப்பெய்ன் என்ற நொதியை டிஸ்க்குக்குள் ஊசி வழியாகச் செலுத்துவது. நான் நொதியைத் தேர்ந்தெடுத்தேன். அமெரிக்காவில் அதன் விற்பனை 2003-இல் நின்றுபோன பிறகும் அந்தத் தேர்வு சரியானது என்றே கருதுகிறேன்.

ஊசி என்பதால் பெரிய தழும்பில்லை, மருத்துவமனையில் தங்கும் நாளும் குறைவு. இவை எல்லோரும் அறிந்தவை.

டிஸ்கின் நடுவிலுள்ள கூழ்ப்பகுதி, புரோட்டியோகிளைக்கான் என்னும் பெரிய மூலக்கூறுகளைக் கொண்டு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அவற்றின் புரதத் தண்டைச் சைமோபாப்பெய்ன் அறுத்துவிடுவதால் நீர்ப்பிடிப்பு குலைகிறது, உள்ளழுத்தம் இறங்குகிறது, பிதுக்கம் சுருங்குகிறது. வெளி வளையத்துக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. இதே பப்பாளிப் பாலில் உள்ள பாப்பெய்ன் என்ற மற்றொரு நொதியை அமெரிக்க மருத்துவர் லூயிஸ் தாமஸ் முயல்களுக்குச் செலுத்தியபோது, குருத்தெலும்பு தளர்ந்து அவற்றின் காதுகள் தொங்கிப்போயின என்பது 1956-இல் வெளியான செய்தி. 1963-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் லைமன் ஸ்மித் மனிதரின் டிஸ்கில் சைமோபாப்பெய்னைச் செலுத்தினார். அமெரிக்க அரசின் ஒப்புதல் 1982-இல்தான் கிடைத்தது.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு காரணம்: முதல் சிகிச்சை பலிக்காவிட்டால் அடுத்த மருத்துவருக்கு எந்த நிலையில் முதுகு கிடைக்கும் என்பது. அறுவையில், எவ்வளவு சிறிய கீறலாக இருந்தாலும், எலும்பின் ஓரத்தைச் சற்றுச் செதுக்கி, தண்டுவடக் கால்வாய்க்குள் நுழைந்து, நரம்பு வேரை ஒதுக்கித்தான் டிஸ்கை அடைய முடியும். ஆறும்போது அந்த வேரைச் சுற்றித் தழும்புத் திசு வளர்கிறது. அறுவை செய்தவர்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு அதே இடத்தில் மீண்டும் பிதுங்குகிறது. அப்போது இரண்டாம் முறை திறப்பவர், நரம்போடும் அதன் உறையோடும் ஒட்டிக்கொண்ட தழும்பைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்; உறை கிழியும் அபாயமும் கூடுகிறது. நொதி ஊசியோ முதுகின் பக்கவாட்டிலிருந்து தசைகளின் ஊடாகச் சென்று, கால்வாயைத் தொடாமலேயே டிஸ்கை எட்டுகிறது. அது தோற்றாலும் அறுவை மருத்துவருக்குக் கிடைப்பது கை படாத இடம். இந்த வரிசையை மாற்ற முடியாது. ஏற்கெனவே அறுவை நடந்த டிஸ்கில் நொதியைச் செலுத்துவதை மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்த்தார்கள்.

என்னை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே ஊசியை நகர்த்தினார்கள். மரத்துப்போக வைத்தது ஊசி நுழையும் இடத்தை மட்டும்தான். ஒவ்வொரு நகர்வுக்கும் "காலில் சுண்டுகிறதா?" என்று கேட்டார்கள், ஊசி நரம்பில் படுகிறதா என்பதை என் பதில்தான் சொல்ல வேண்டும். முதலில் மிகச் சிறிய அளவைச் செலுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். மயக்க மருத்துவர் என் ரத்த அழுத்தத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கால்வலி குறைவதற்கு முன்பே முதுகுத் தசைகள் இறுகிப் பிடித்துக்கொண்டன. படுக்கையில் புரண்டு படுக்கவும் கட்டிலின் கம்பியைப் பற்ற வேண்டியிருந்தது. இந்த முதுகுப் பிடிப்பு இச்சிகிச்சையில் மிகச் சாதாரணம். அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி இதைவிட விரைவில் விட்டுவிடுகிறது என்பதை மறுக்க முடியாது.

மறுக்கக் கூடாத வேறு சிலவும் உண்டு. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் அறுவையே கூடுதல் பலன் தந்தது. நொதி, மருந்தில்லாத வெற்று ஊசியை வென்றதே தவிர, கத்தியை வெல்லவில்லை. ஆயிரத்தில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சி வந்தது. உடல் அந்தப் புரதத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், வாழ்நாளில் ஒரு முறைக்கு மேல் செலுத்தவும் கூடாது. ஊசி தவறிப்போய் நொதி தண்டுவட நீருக்குள் கலந்தால், ரத்தக் கசிவும் கால் செயலிழப்பும் நேரலாம். பிதுக்கம் துண்டாகப் பிரிந்து கால்வாயில் கிடந்தால் நொதியால் பயனில்லை. சிறுநீர் அடைபட்டாலோ, கால் வேகமாக வலுவிழந்தாலோ, ஒப்பீட்டுக்கே இடமில்லை; உடனடி அறுவைதான்.

இன்று பலருக்கும் சைமோபாப்பெய்ன் கிடைக்காது. அதன் இடத்தில் ஜப்பான் 2018-இல் ஒப்புதல் அளித்த காண்டோலியேஸ் இருக்கிறது. அது பாக்டீரியாவிலிருந்து பெறப்படுவது. புரதத்தை விட்டுவிட்டு, புரோட்டியோகிளைக்கானின் சர்க்கரைச் சங்கிலிகளை மட்டும் வெட்டுவதால் சுற்றியுள்ள திசுக்களுக்குக் கேடு குறைவு என்பது அதன் சிறப்பு. அதுவும் ஒரே முறைக்கானதுதான். அந்த ஊசியை நான் போட்டுக்கொண்டதில்லை என்பதால், வலி எத்தனை விரைவில் குறையும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல இயலாது. ஆனால் கால்வாயைத் திறக்காமல் டிஸ்கை அடைவது என்ற அனுகூலம் அதற்கும் உண்டு. பிதுக்கம் இன்னும் டிஸ்கின் பின்புறத் தசைநாருக்குள் அடங்கியிருப்பதாக எம்.ஆர்.ஐ. காட்டினால், அறுவைக்கு நாள் குறிக்கும் முன் அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.