ஃப்ரொன்டோசாவா, வெனஸ்டஸா? தகரக் கூரை வீட்டுக்கு எது ஒத்துவரும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் பெரிய ஆப்பிரிக்க சிக்லிட் மீன் வளர்க்க ஆசைப்படுபவர் கடைசியில் இந்த இரண்டில் ஒன்றின் முன்தான் நிற்பார். தங்கனிக்கா ஏரியின் ஃப்ரொன்டோசா 30 செ.மீ. வரை வளரும், கறுப்புப் பட்டை, நெற்றியில் மேடு. மலாவி ஏரியின் வெனஸ்டஸ் சுமார் 25 செ.மீ., ஒட்டகச்சிவிங்கித் தோல் போலத் திட்டுத் திட்டாக. ஆண் வளர்ந்ததும் முகம் நீலமாகும், நெற்றியில் மஞ்சள் ஏறும். இரண்டிலும் தாய்தான் முட்டையை வாயில் வைத்துக் காக்கும். அழகில் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. அதனால் கூரையையும் குழாய்த் தண்ணீரையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் சூடு. ஃப்ரொன்டோசா ஏரியில் பத்து மீட்டருக்கும் கீழே, பாறை ஓரமாக வாழும் மீன். அதற்கு 24 முதல் 27 பாகை போதும். தகரக் கூரைக்கு நேர் கீழே வைத்த தொட்டி பிற்பகலில் 30, 31 பாகையைத் தொடும். 26 பாகைத் தண்ணீர் லிட்டருக்கு 8.1 மி.கி. ஆக்சிஜன் தாங்கும், 31-இல் 7.4 தான். குறைவது கொஞ்சம்போலத் தோன்றும், ஆனால் அதே சூட்டில் மீனின் தேவை ஏறுகிறது. ஃப்ரொன்டோசா மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் சிக்கல் தொடங்கிவிட்டது என்று பொருள். வெனஸ்டஸ் 28, 29 பாகையிலும் வழக்கம்போல் இரைக்கு ஓடும்.

தொட்டிக்கு மேலே சின்ன விசிறி வைத்தால் இரண்டு பாகை இறங்கும்; மழைக்காலக் காற்றில் ஈரம் மிகுந்தால் அதுவும் குறையும். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே, உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த மட்டத்தை நிரப்பும்போது சமையல் சோடா (கடினம் ஏற்றப் போடுவது, கணக்கு கீழே) கலக்காத, குளோரின் நீக்கிய தண்ணீரை ஊற்றுங்கள். சோடா கலந்தே ஊற்றிக்கொண்டிருந்தால் மூன்று மாதத்தில் கேஎச் (தண்ணீரின் கார்பனேட் கடினம்) எங்கோ ஏறிப் போயிருக்கும்.

அடுத்தது தண்ணீர். பக்கத்துக் கந்தானில் சுண்ணாம்புக் குன்று தெரிகிறது, அதனால் குழாய்த் தண்ணீரும் கடினமாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மலையாற்றிலிருந்து வருவது பெரும்பாலும் மென்னீர். சோதனைச் சொட்டு வாங்கி ஒருமுறை பாருங்கள். கேஎச் 1 அல்லது 2 என்று வந்தால், ஃபில்டர் பாக்டீரியாவே அதைத் தின்று தீர்த்து பிஎச் (அமில-கார அளவு) அமிலப் பக்கம் சரிந்துவிடும். வெனஸ்டஸுக்கு கேஎச் 6 முதல் 8 போதும். ஃப்ரொன்டோசாவுக்கு 10-ஐ ஒட்டி வையுங்கள்.

கணக்கு எளிது. சமையல் சோடா லிட்டருக்கு 30 மி.கி. போட்டால் கேஎச் ஒன்று ஏறும். 150 லிட்டர் மாற்றுத் தண்ணீரை 1-இலிருந்து 9-க்குக் கொண்டுவர 36 கிராம். மக்னீசியத்துக்கு எப்சம் உப்பு: 26 கிராம் போட்டால் அதே 150 லிட்டரில் ஜிஎச் (மொத்தக் கடினம்) ஏறக்குறைய நான்கு ஏறும். இரண்டையும் தனி வாளியில் கரைத்த பிறகே தொட்டியில் ஊற்றவும். பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதில் மாவும் அமிலமும் இருக்கும், வேண்டாம். ஃபில்டரில் உடைத்த கோரல் (பவளக்கல்) இரண்டு மூன்று கிலோ போட்டு வைப்பது நல்லதுதான், ஆனால் அது மெதுவாகக் கரையும். அதை மட்டுமே நம்பினால் கேஎச் 10 வராது.

பிஎச் உயர்ந்த தொட்டியில் அம்மோனியா கொடியது. பிஎச் 7-இல் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருப்பதில்லை, 8.3-இல், 28 பாகையில், ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. இடி மழையில் மின்சாரம் போய் இரண்டு மூன்று மணி நேரம் கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) நின்றிருந்தால் அப்படியே போட்டுவிடாதீர்கள். உள்ளே தேங்கிய நாற்றத் தண்ணீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். பேட்டரி ஏர் பம்ப்பில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

தொட்டி அளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு ஆணும் நாலைந்து பெண்ணும் கொண்ட ஃப்ரொன்டோசா கூட்டத்துக்கு 5×2×2 அடி, அதாவது சுமார் 565 லிட்டர், குறைந்தபட்சம். வெனஸ்டஸுக்கு 6 அடி நீளம் வேண்டும், ஆண் துரத்துவதால். 6×2×2 தொட்டியின் தண்ணீரே 680 கிலோ. பழைய லயத்துப் பலகைத் தரையில் வைக்க நினைப்பவர் சிமெண்டு போட்ட பின்கட்டுக்குப் போகட்டும். (அது வெயில் படாத இடமாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.)

குணத்தில்தான் இரண்டும் எதிரெதிர். ஃப்ரொன்டோசா அசைந்து அசைந்து வந்து சாப்பிடும். வெனஸ்டஸ் பாய்ந்து விழுங்கும். இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் வெனஸ்டஸ் கொழுக்கும், ஃப்ரொன்டோசா வற்றும். அமைதியான துணை வேண்டுமானால் மலாவியின் நீல டால்பின் பரவாயில்லை. ஃப்ரொன்டோசாவுக்கு மிதக்கும் பெல்லட் (குறுணைத் தீவனம்) போட்டால் இரையோடு காற்றையும் விழுங்கி, வால் மேலே தூக்கியபடி தடுமாறும். மூழ்கும் பெல்லட் போடுங்கள். மாட்டு இதயம் இரண்டுக்குமே வேண்டாம். அந்தக் கொழுப்பு வயிறு வீங்கவைக்கும்.

குஞ்சு எடுப்பதில் வெனஸ்டஸ் கை ஓங்கியது. ஒன்றரை வயதுக்குள் முட்டையிடும், ஒரு ஈட்டில் அறுபதுக்கு மேல்கூட வரும், மூன்று வாரத்தில் குஞ்சு வெளியே. ஃப்ரொன்டோசா மூன்று வயதாவது ஆக வேண்டும். ஈட்டுக்கு இருபது, முப்பது முட்டை, வாயில் வைத்திருப்பது நான்கு வாரத்துக்கும் மேல். முதல் இரண்டு மூன்று ஈட்டைப் பெண் விழுங்கிவிடுவதும் சகஜம். அதற்காகப் பதறி வாயிலிருந்து முட்டையை எடுக்கத் தொடங்கினால் பழக்கம் கெடும். பிடிப்பதானால் மூன்றாவது வாரம் தாண்டி, விளக்கணைத்து, மெல்ல. அதற்கு முன் வலை போட்டால் துப்பிவிடும். குஞ்சு பெரிதாக வருவதால் முதல் நாளிலிருந்தே பிரைன் ஷிரிம்ப் குஞ்சும் நொறுக்கிய பெல்லட்டும் தின்னும்.

5 செ.மீ. அளவில் பத்துப் பன்னிரண்டு வாங்கி, வளர்ந்தபின் மிஞ்சிய ஆண்களைக் கழிப்பதே இரண்டுக்கும் சரியான வழி. புருண்டி, கிகோமா என்று கடைக்காரர் சொல்லும் ஃப்ரொன்டோசா வகைகளைக் கலக்காதீர்கள். வெனஸ்டஸோடு மலாவியின் இன்னொரு சிக்லிட்டான லிவிங்ஸ்டோனியையும் சேர்க்க வேண்டாம். இனம் நெருங்கியது, கலப்பு பிறக்கும், அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

பகல் சூடு 28-ஐத் தாண்டாத அறையும் மூன்று ஆண்டுப் பொறுமையும் உள்ளவர் ஃப்ரொன்டோசா எடுக்கலாம். நன்றாகப் பார்த்தால் இருபது ஆண்டு கூடவே இருக்கும். மற்றவர் வெனஸ்டஸ் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் முதல் ஈடு வாயில் ஏறுமுன்னே, அத்தனை குஞ்சையும் எடுத்துக்கொள்ள எந்தக் கடை ஒப்புக்கொள்கிறது என்று கேட்டு வையுங்கள். இல்லையென்றால் எட்டாவது மாதம், மிஞ்சிய குஞ்சைக் கொண்டுபோய் விட, கண் பழைய ஈயக்குட்டை (ஈயம் தோண்டிக் கைவிட்ட குளம்) பக்கம் போகும். வெளிநாட்டு வேட்டை மீனான பீக்காக் பாஸ் அந்தக் குட்டைகளுக்குள் போனதும் யாரோ கொண்டுபோய் விட்டதால்தான்.