ஹெலிகாப்டர் பற்றி யார் எழுதினால் நம்பலாம்: பைலட்டா, நிருபரா, ஹேங்கர் பொறியாளரா?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் சமூக மன்றத்தின் தமிழ்க் குழு ஆண்டுக்கு ஒரு மலர் போடும். இந்த முறை இளையர்களுக்கான பகுதியில் ஹெலிகாப்டர் தொழிலை எடுத்துக்கொண்டோம். ஈசூன்காரர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. செம்பவாங் ஆகாயப் படைத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது. சிலேத்தாருக்குப் போனால் ஹெலிகாப்டர் தயாரிக்கும் ஏர்பஸ் ஹெலிகாப்டர்ஸ், பெல் ஆகிய இரண்டு நிறுவனங்களும் அங்கே இருக்கின்றன. முதன்மைக் கட்டுரை எழுத மூன்று பேர் முன்வந்தார்கள்: ஓய்வுபெற்ற பைலட், வர்த்தகச் செய்தி எழுதும் நிருபர், இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹேங்கரில் (ஹெலிகாப்டர்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் கொட்டகை) வேலை பார்த்த பராமரிப்புப் பொறியாளர். தொகுப்பாளர் என்ற முறையில் நான் பொறியாளரைத் தேர்ந்தெடுத்தேன்.

பைலட் எழுத்தின் பலம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2020 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரயண்ட் உள்ளிட்ட 9 பேர் இறந்த விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேகத்துக்குள் சிக்கி, மேலே ஏறிக்கொண்டிருப்பதாகக் கட்டுப்பாட்டு மையத்திடம் சொன்ன பைலட், உண்மையில் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். மேகத்துக்குள் போனதும் மனித உடம்பு எப்படி ஏமாறும் என்பதை அதை அனுபவித்தவர் எழுதினால்தான் நமக்குப் புரியும்.

நிருபருக்குப் பணம் போகும் வழி தெரியும். எண்ணெய் விலை 2014-இல் சரியத் தொடங்கியதும் கடல் எண்ணெய்த் தளங்களுக்கு ஆள் ஏற்றும் நிறுவனங்கள் தடுமாறின. சிஎச்சி 2016-இலும் பிரிஸ்டோ 2019-இலும் திவால் பாதுகாப்பு கோரின. நீதிமன்ற ஆவணங்களைப் படித்து, இரு தரப்பையும் கேட்டு எழுதுவது நிருபருக்குக் கைவந்த வேலை. ஆனால் தயாரிப்பாளர் செலவில் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வந்து எழுதும் கட்டுரைகளும் இந்தத் துறையில் உண்டு. அப்படிப் போய் வந்ததாகக் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறாரா என்று நான் முதலில் பார்ப்பேன்.

சரி, பொறியாளருக்கு வருவோம். என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: உதிரிபாகங்களின் மிச்ச ஆயுள். ஹெலிகாப்டர் தொழிலே அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. ராபின்சன் ஆர்44 என்ற சிறிய ஹெலிகாப்டர் ஒன்று விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வயது 11 ஆண்டு, பறந்தது 600 மணி நேரம்தான். 'அதிகம் ஓடாத வண்டி' என்று பைலட் மகிழ்ந்துபோவார். நிருபர் சந்தை விலையை எழுதுவார். எங்கள் பொறியாளர் அண்ணனோ முதலில் தயாரித்த தேதியைக் கேட்டார். ஆர்44-க்கு 2,200 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது முழு ஓவர்ஹால், அதாவது பிரித்துப் புதுப்பிக்கும் வேலை, செய்ய வேண்டும். இன்னும் 1,600 மணி நேரம் பாக்கி இருப்பது போலத் தெரிந்தாலும், அடுத்த வருடமே பெரிய செலவு காத்திருக்கிறது. இது தெரியாமல் விலை மலிவு என்று எழுதினால், வாசகரைக் கடனில் தள்ளிவிட்ட மாதிரி.

இன்னொரு உதாரணத்தில் இது உயிர் விஷயம். 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் டுரோய் அருகே எச்225 ரக ஹெலிகாப்டர் ஒன்றின் பிரதான ரோட்டார் (மேலே சுழலும் இறக்கைகள்) கழன்று போய் 13 பேர் இறந்தார்கள். பைலட்டுகளால் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. இன்ஜின் சக்தியை ரோட்டாருக்குக் கொண்டுபோகும் கியர்பாக்ஸில் ஒரு சிறு பல்சக்கரம் உலோகச் சோர்வால் உடைந்திருந்தது. கியர்பாக்ஸ் தேய்ந்தால் எண்ணெயில் உலோகத் துகள் சேரும். அதைப் பிடிக்கக் காந்தம் வைத்திருப்பார்கள். இங்கே விரிசல் மேற்பரப்புக்கு அடியில் வளர்ந்ததால் துகள் மிகக் குறைவாகவே உதிர்ந்தது, எச்சரிக்கையும் வரவில்லை. 2009-இல் ஸ்காட்லாந்துக் கடலில் 16 பேரைப் பலிகொண்ட, அதே குடும்பத்தைச் சேர்ந்த சூப்பர் பூமா விபத்திலும் இதே வகைச் சக்கரம்தான் உடைந்தது.

அதே 2016 நவம்பரில்தான் சிங்கப்பூர் ஆகாயப் படைக்கு எச்225-இன் ராணுவ வகையான எச்225எம் வாங்கும் அறிவிப்பு வந்தது. 'அதே குடும்பத்து வண்டியா?' என்று ஈசூனில் ஒருவர் கேட்டால், பதற்றமும் இல்லாமல் மழுப்பலும் இல்லாமல் பதில் சொல்ல வேண்டும். பொறியாளர் சொன்னார்: பயன்பாட்டில் இருந்த இரண்டு வகைச் சக்கரங்களில் ஒன்றை நீக்கினார்கள், மிச்சமிருந்ததன் ஆயுள் வரம்பைக் குறைத்தார்கள், துகள் சோதனையை அடிக்கடி செய்யச் சொன்னார்கள். மூன்றே வரிகள். அவருக்கு அது பழக்கம். கையெழுத்துப் போட்டால் அந்த வேலைக்கு அவரே பொறுப்பு என்ற இடத்தில் இருபது வருடம் நின்றவர். தன் கட்டுரையிலும் சரிபார்க்காத எண் ஒன்றைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

குறையும் உண்டு. முதல் வரைவு வேலை அட்டை மாதிரி எண் போட்டு வந்தது. மனிதர்களே அதில் இல்லை. மூன்று சனிக்கிழமை காப்பிக்கடையில் உட்கார்ந்து, இரவு ஷிப்டில் யார் கூட இருந்தார்கள், எதைக் கண்டு பயந்தார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுத வைத்தேன். அப்புறம், ஒரே ஒரு பொறியாளரோடு வேலை செய்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். எல்லாரும் இப்படிப் பொறுமையாக இருப்பார்கள் என்று உறுதி தர முடியாது. திவால், குத்தகை பற்றிய கட்டுரையாக இருந்தால் நிருபரிடமே போயிருப்பேன்.

பைலட்டிடம் மேகத்துக்குள் பறப்பது பற்றி ஒரு பக்கம் கேட்டிருக்கிறேன். அதைப் பொறியாளரிடம் படிக்கக் கொடுத்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவேன்.