கல்வாரி மலையேறிய குதிரைப்படை: யாழ் நகர மொழிபெயர்ப்புக் கடை ஒன்று

பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, விசாவுக்கான கடிதம் என்றால் இந்தக் கடையை நம்பிப் போகலாம். காலையில் கொடுத்தால் பின்னேரம் முத்திரையோடு கையில் வரும். சரித்திரக் கட்டுரை, அதுவும் படைகளைப் பற்றியது என்றால் கொஞ்சம் யோசியுங்கோ. ஆங்கிலத்திலிருந்து இவர்கள் தமிழாக்கிய அப்படியொரு கட்டுரையில், பன்னிரண்டு பக்கத்துக்குள் 'கவல்றி' (cavalry, குதிரையேறிச் சண்டை பிடிக்கும் படை) என்ற ஒரு சொல் நாலு வேஷம் போட்டிருக்கிறது: கல்வாரி, சவாரிப்படை, பரிப்படை, குதிரைப்படை.

ஆங்கிலத்தில் 'எல்' எழுத்து இடம் மாறினால் கவல்றி, யேசுவைச் சிலுவையில் அறைந்த கல்வாரியாகும். மூலத்திலேயே பிழை இருந்திருக்கலாம். அதற்காக "கல்வாரி பக்கவாட்டில் தாக்கியது" என்று அடிக்கும்போது கை ஒருக்கால் நிற்க வேண்டாமா? சவாரிப்படையை வாசித்தால் நம்மவருக்கு மாட்டுவண்டிதான் கண்ணுக்குள் வரும். பரி செய்யுளுக்கு அழகு, ஆள்கணக்குச் சொல்லும் வசனத்தில் துருத்தும். குதிரைப்படையே போதும்.

டிறகூன் என்பதை 'டிறாகன் படை' ஆக்கியது பெரிய பிழை. 17ஆம் நூற்றாண்டு டிறகூன்கள் குதிரையில் போய், இறங்கி, துவக்கோடு தரையில் நின்று சண்டை பிடித்தவர்கள். 'குதிரையேறிய காலாட்படை' என்றால் பொருள் நிற்கும். இறங்கிச் சண்டை பிடிக்கும் படையில் வழக்கமாக நாலு பேருக்கு ஒருவர் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். நூறு பேர் போனால் சுடுவது 75 பேர்தான். சொல் பிழைத்தால் இந்தக் கணக்கும் பிழைக்கும். 'றூப்' என்பதைப் 'படையினர்' என்று போட்டதிலும் இதே கோளாறு. கவல்றியில் அது ஸ்குவாட்றன் என்ற பிரிவுக்குள் அடங்கும் சிறு அணி.

கட்டுரை 20ஆம் நூற்றாண்டுக்கு வந்தபிறகும் மொழிபெயர்த்தவர்கள் குதிரையை விடவில்லை. 1965இல் வியட்நாம் போன அமெரிக்காவின் முதலாவது கவல்றி டிவிஷன் ஹெலிகொப்டரில் பறந்த படை. இந்தியாவின் 16ஆம் லைற் கவல்றி இன்று தாங்கிப் படையணி. இப்படிப்பட்ட பெயர்களை ஒலிபெயர்த்து, பக்கத்தில் என்ன படை என்று ஒரு சொல் போட வேண்டும். ஜெய்ப்பூரின் 61ஆம் கவல்றிக்குக் குதிரைப்படை என்றே எழுதலாம், அங்கே உண்மையிலேயே குதிரை நிற்கிறது.

நெடுந்தீவுப் பத்தி மட்டும் சுத்தம். 'ஒல்லாந்தர் காலக் குதிரை லாயம்' என்று நம்மூர் வாயில் வருகிற மாதிரியே எழுதியிருக்கிறார்கள்.

கொடுப்பதென்றால் பத்துப் பதினைந்து படைச்சொற்களுக்குத் தமிழ் எழுதிய தாளொன்றையும் சேர்த்துக் கொடுங்கோ. முத்திரை குத்த முதலே பிரதியைக் கேட்டு வாசியுங்கோ. குத்தியபிறகு திருத்தினால் பக்கக் காசு திரும்பவும் கேட்பார்கள்.