ரோட்டரி எஞ்சினில் புகை: ஆயில் ரிங்கா, டர்போவா, கூலன்ட் சீலா?

பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின் கொண்ட கார் மாஸ்டா ஆர்எக்ஸ்-7. பழைய ஆர்எக்ஸ்-7 புகைவிட ஆரம்பித்தால், "எஞ்சினை இறக்கணும்" என்ற பேச்சுதான் முதலில் வரும். இறக்க வேண்டியிருக்கலாம். ஆனால் 1980-களின் பிற்பாதியில் வந்த எஃப்சி (இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7) டர்போ மாடலில் சந்தேகப்பட வேண்டியவை மூன்று: ரோட்டரின் பக்கவாட்டில் உள்ள ஆயில் ரிங், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவின் ஆயில் சீல், ரோட்டரைச் சுற்றியுள்ள கூடுகளான ஹவுசிங்குகளுக்கு நடுவே உள்ள கூலன்ட் சீல். டர்போதான் காரணம் என்றால் எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோட்டரியில் கொஞ்சம் ஆயில் எரிவது இயல்பு. ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள அபெக்ஸ் சீல் வறண்டுபோகாமல் இருக்க மீட்டரிங் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். நிறைய ஓட்டியும் டிப்ஸ்டிக்கில் மட்டம் இறங்கவே இல்லை என்றால்தான் பதற வேண்டும். அதேபோல ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும், வென்ட் குழாய் வழியாக இன்டேக்கில் போய்ப் புகையும். எனவே முதல் வேலை, மட்டத்தைப் பார்ப்பது.

நீலப் புகைதான் உண்மையான தலைவலி. ரிங் போனாலும் டர்போ சீல் போனாலும் நிறம் ஒன்று, வாசனை ஒன்று. வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. ரிங் என்றால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு பெரிய மேகம் கிளம்பும், ஓட ஓடக் குறையும். வேகமாகப் போய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது திரும்ப வரும். டர்போ என்றால், காலையில் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். சூடான வண்டியைப் பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டு ஒரு மிதி மிதித்தால் பின்னால் நிற்பவர் தெரியமாட்டார்.

சில வண்டிகளில் இரண்டு அறிகுறியும் கலந்தே வரும். அப்போது ஊகிப்பதை விட்டுவிட்டு டர்போவைக் கழற்றிவிடுவதே நல்லது. எஞ்சினின் எக்ஸாஸ்ட் வாயில் விரலை விட்டுப் பாருங்கள். கரி காய்ந்து, தூளாக ஒட்டினால் எஞ்சின் பக்கம் குற்றமில்லை. பளபளவென்று ஈரமாக, விரலில் வழுக்கினால் ஆயில் உள்ளிருந்தே வருகிறது. டர்போவுக்குள் எக்ஸாஸ்ட் நுழையும் வாய் காய்ந்திருந்து, அதன் வெளிவாய் மட்டும் நனைந்திருந்தால் டர்போதான். அப்போதும் புது டர்போ வாங்க ஓடாதீர்கள். ஆயில் திரும்பும் குழாய் அடைத்திருந்தாலும் நல்ல சீல் வழியாகவே ஆயில் கசியும்.

பலர் ஏமாறுவது, எஞ்சின் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில். 250 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகமும் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோவுக்கு மேல் காட்டினால், "எஞ்சின் நல்லா இருக்கு, அப்போ டர்போதான்" என்று முடிவுகட்டிவிடுவார்கள். கம்ப்ரஷனைப் பிடிப்பவை அபெக்ஸ் சீலும், ரோட்டரின் பக்கவாட்டில் உள்ள சைடு சீலும். ஆயில் ரிங்குக்கு அதில் பங்கே இல்லை. ஒரு ரோட்டருக்கு நான்கு, இரண்டு ரோட்டர் உள்ள இந்த வண்டியின் 13பி எஞ்சினில் மொத்தம் எட்டு ரிங். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு ரப்பர் ஓ-ரிங். வருஷக்கணக்கான சூட்டில் அந்த ரப்பர் கல்லாகிவிட்டால், அருமையான கம்ப்ரஷனோடு எஞ்சின் புகைந்துகொண்டிருக்கும். இது தெரியாமல் டர்போவுக்குக் காசைக் கொட்டியவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கூலன்ட் சீல் அவ்வளவு குழப்பாது. வெள்ளைப் புகை, தித்திப்பான வாசனை, எஞ்சின் சூடான பிறகும் கலையாது. குளிர்காலக் காலையில் வரும் நீராவி இரண்டொரு நிமிடத்தில் மறைந்துவிடும். ரோட்டர் ஹவுசிங் அலுமினியம், பக்கத்தட்டு வார்ப்பிரும்பு. இரண்டும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. ஒருமுறை எஞ்சின் கொதித்தாலே நடுவில் இருக்கும் சீல் நசுங்கிவிடலாம். குளிர்ந்த எஞ்சினில் கூலன்ட் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். உள்ளே தங்கிய காற்று என்றால் குமிழி கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். சோடா மாதிரி நிற்காமல் வந்தால் சீல் போய்விட்டது.

என் கணக்கில் அவசரம் இதற்குத்தான். ரிங் புகையை ஆயில் ஊற்றி ஊற்றிச் சில மாதம் சமாளிக்கலாம். டர்போவையும் பார்த்துப் பார்த்து ஓட்டலாம். கூலன்ட் உள்ளே இறங்கும் வண்டியை நிறுத்திவைப்பதும் ஆபத்து, ஓட்டுவதும் ஆபத்து. நின்றால் பக்கத்தட்டு துருப்பிடிக்கும், ஓட்டினால் மறுபடி கொதிக்கும். அந்த எஞ்சினை இந்த வாரமே இறக்கிவிடுங்கள்.