எச்சரிக்கை: நியூட்ரலிலும் உருளாத பஸ்ஸுக்கு கிளட்ச் மாற்றிக் காசைத் தொலைத்தேன்

பழைய பஸ், லாரி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மெக்கானிக்குக்கு போன் போடுங்கள். எனக்கு 46,500 ரூபாய் போனது. ஆகியிருக்க வேண்டிய செலவு 2,000-க்குள்.

என்னுடையது 2009 மாடல் லேலண்ட். இரண்டாம் கையாக வாங்கி, வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு ஆள் ஏற்ற விட்டிருக்கிறேன். இந்த ஒரு வண்டிதான் பிழைப்பு. பொங்கல் லீவில் ஒன்பது நாள் மில் ஷெட்டிலேயே ஹேண்ட் பிரேக் போட்டு நின்றது. பத்தாம் நாள் விடிகாலை நாலரைக்கு டிரைவர் போன் பண்ணினான்: "அண்ணே, ஸ்டார்ட் ஆவுது, நகர மாட்டேங்குது." முதல் கியர் போட்டு கிளட்சை விட்டால் இன்ஜின் திணறி நின்றுவிடுகிறது.

யாரோ கொடுத்த நம்பரில் ஒரு மெக்கானிக் வந்தார். சீட்டில் ஏறினார், இரண்டு தடவை கியர் போட்டுப் பார்த்தார், இறங்கினார். "கிளட்ச் செட் போச்சு. கியர் பாக்ஸை இறக்கணும்." மொத்தம் ஐந்து நிமிடம். வண்டிக்குக் கீழே தலையை விட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஷெட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று மில்லில் சத்தம் போட்டதால், பஞ்சு ஏற்றி வந்த லாரியில் சங்கிலி கட்டி ஓரத்துக்கு இழுத்தோம். நியூட்ரலில்தான் இருந்தது. முன் சக்கரம் உருண்டது. பின் சக்கரங்கள் உருளவே இல்லை. சிமெண்ட் தரையில் கறுப்பாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தன. அந்தக் கோட்டை நானும் பார்த்தேன், மெக்கானிக்கும் பார்த்தார். எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை.

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் புதுசு. மாட்டியும் நகரவில்லை. "கியர் பாக்ஸ் உள்ளேயும் வேலை இருக்கு" என்று மேலும் காசு. ஐந்தாம் நாள் சாயங்காலம் டிரைவர் டீ குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் வண்டி ரெடி.

பதினெட்டு நாள் ஓடியது. பத்தொன்பதாம் நாள் ஷிப்ட் முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு வடமதுரை ரோட்டில் வரும்போது, பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி வண்டி நின்றுவிட்டது. மறுபடி அதே கோளாறு. நல்லவேளை, பின்னால் எதுவும் வரவில்லை.

அங்கே உதவிக்கு வந்தவர் அரசு பஸ் டெப்போவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அவர் வண்டியில் ஏறவே இல்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டபடி இன்ஜினை ஓடவிடச் சொன்னார். சத்தம் ஒன்றும் இல்லை. "இப்ப ஹேண்ட் பிரேக்கை எடு" என்றார். இடது பின் சக்கரத்துப் பக்கம் ஷ்ஷ்ஷ் என்று காற்று சீறியது. சோப்புத் தண்ணீரை ஊற்றினார். குடம் மாதிரி இருக்குமே, எங்கள் பக்கம் பூஸ்டர் என்போம், அதன் ஓட்டையில் நுரை முட்டை முட்டையாகப் பொங்கியது.

"தம்பி, கிளட்ச் போன வண்டி இன்ஜினை நிறுத்தாது. சும்மா உறுமும், கருகல் வாடை வரும், நகராது. இன்ஜினையே அமுக்கி நிறுத்துதுன்னா எங்கேயோ பிடிச்சிருக்குன்னு அர்த்தம்."

காற்று இருந்தால்தான் பிரேக் பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கால் பிரேக்குக்கு அது சரி. முழு ஏர் பிரேக் வண்டியில் பார்க்கிங் பிரேக் நேர் எதிர்: உள்ளே இருக்கும் பெரிய ஸ்பிரிங்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது, காற்று போய் அதை அமுக்கினால்தான் விடும். காற்றழுத்தம் சுமார் 5 கிலோ ஏறாமல் விடாது. ஹேண்ட் பிரேக்கை எடுக்கும்போதுதான் அந்த அறைக்குக் காற்றே போகிறது; அதனால்தான் அதுவரை சத்தம் இல்லை. அங்கே காற்றை அடைத்து வைக்கிற ரப்பர் தகடான டயஃப்ரம் கிழிந்திருந்தால் ஏறுகிற காற்றெல்லாம் வெளியே.

கழற்றிப் பார்த்தால் டயஃப்ரத்தில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுகிற பஞ்சர் ஒட்டு! பூஸ்டரை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தின் நட்டுகளில் புது ஸ்பேனர் தழும்பு. மற்ற மூன்று பூஸ்டரும் விரல் கனத்துக்கு மண் படிந்து கிடக்க, இது மட்டும் துடைத்து வைத்த மாதிரி. ஆக, அந்த மனிதர் ஐந்தாம் நாள் கோளாறைக் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்து, ஒட்டுப் போட்டு மறைத்து, கிளட்சுக்கும் கியர் பாக்ஸுக்கும் காசு வாங்கியிருக்கிறார். பெண்கள் ஏறுகிற வண்டியில்.

பழைய கிளட்ச் பிளேட்டை டிரைவர் டிக்கியில் போட்டு வைத்திருந்தான். ரிவெட்டுக்கு மேலே லைனிங் நன்றாகவே இருந்தது. "இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்றார் பெரியவர்.

என் தப்பும் இருக்கிறது. ஏர் மீட்டரின் முள் செத்து ஒரு வருடம். காற்று குறைந்தால் கத்தும் பஸ்ஸரின் ஒயரை, காதைக் குடைகிறது என்று டிரைவர் பிடுங்கி விட்டிருந்தான், தெரிந்தும் விட்டுவிட்டேன். இரண்டையும் இப்போது சரிசெய்தாகிவிட்டது.

வண்டி நகரவில்லை என்றால் முதலில் ஏர் மீட்டரைப் பாருங்கள். ஏர் முழுசாக இருந்து, கிளட்சை விட்டும் இன்ஜின் திணறாமல் ஓடினால், கீழே ஒருவரைத் தள்ளி நின்று ஜாயின்ட் ஷாஃப்ட்டை, அதாவது கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டை, பார்க்கச் சொல்லுங்கள். அது சுற்றியும் சக்கரம் சுற்றவில்லை என்றால் ஆக்சில் பக்கம். சுற்றவே இல்லை என்றால்தான் கிளட்ச், கியர் பாக்ஸ் பேச்சு. பூஸ்டரை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். அந்த ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும். பெரியவர்கூட சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்து, ஸ்பிரிங்கைப் போல்ட்டால் அடக்கிய பிறகுதான் கை வைத்தார்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணினால் வழி சொல்கிறார்கள். ஆனால் என்னிடம் பில் என்று இருப்பது காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய தொகை மட்டும்தான். கடைப் பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. பஞ்சர் ஒட்டைப் பற்றிக் கேட்க போன் போட்டேன். "வண்டி ஓடுச்சா இல்லையா?" என்றார். வைத்துவிட்டார்.